லோரன்சின் சமன்பாடு, ஐன்ஸ்டைனின் காலம்

எட்மண்ட் விட்டேக்கர் 1953இல் வெளியிட்ட ஈதர் வரலாற்றின் இரண்டாம் தொகுதியில், சிறப்புச் சார்பியலைப் புவான்காரே, லோரன்சு இருவரின் கொள்கையாகவே குறித்தார். ஐன்ஸ்டைனுக்கு அதில் கிடைத்தது, இருந்ததைச் சற்று விரித்துச் சொன்னவர் என்ற இடம்தான். வம்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. விட்டேக்கரிடம் சான்றுகள் இருந்தன.

ஒளி பரவும் ஊடகமாகக் கருதப்பட்ட ஈதரினூடே பூமி நகர்வதற்கான அடையாளத்தை மைக்கல்சனும் மோர்லியும் 1887இல் கிளீவ்லாந்தில் தேடிக் காணாமல் கைவிரித்தார்கள். நகரும் பொருள் தன் திசையில் சுருங்குகிறது என்று பிட்ஸ்ஜெரால்டும் லோரன்சும் தனித்தனியே அதற்கு விளக்கம் சொன்னார்கள். 1895இல் லோரன்சு 'உள்ளூர் நேரம்' என்ற ஒன்றைக் கணக்கில் புகுத்தினார். ஒளிச் சைகை அனுப்பிக் கடிகாரங்களை ஒத்திசைத்தால் கிடைப்பது அந்த நேரமே என்று 1900இல் புவான்காரே காட்டினார். 1905 ஜூன் 5 அன்று லோரன்சின் பிழைகளைத் திருத்தி, ஒருவரின் இட, நேர அளவுகளை மற்றவருடையதாக மாற்றும் உருமாற்றங்கள் ஒரு கணிதக் குலமாக அமைவதையும் அறிவித்தார். பெர்ன் காப்புரிமை அலுவலகத்து இளைஞர் ஐன்ஸ்டைனின் கட்டுரை இதழுக்கு வந்து சேர்ந்தது ஜூன் 30இல். அதில் மேற்கோள் நூல் ஒன்றுகூட இல்லை; நண்பர் பெஸ்ஸோவுக்கு நன்றி மட்டும் உண்டு. புவான்காரேயின் 'அறிவியலும் கருதுகோளும்' நூலை நண்பர்களோடு கூடிப் படித்தவர் அவர். அந்த மௌனம் குறைதான்.

சமன்பாடுகள் ஒன்றே என்பதால் எந்தச் சோதனையாலும் இரு தரப்பையும் பிரிக்க முடியாது. பிறகு எதை வைத்து எடை போடுவது?

லோரன்சுக்கு, ஈதரில் அசையாமல் நிற்பவரின் நேரமே உண்மை நேரம். உள்ளூர் நேரம் கணக்குக்கு உதவும் ஒரு துணை. புவான்காரேயும் உண்மை நேரம், தோற்ற நேரம் என்ற பிரிவைக் கைவிடவில்லை. யாருடைய கடிகாரம் உண்மை காட்டுகிறது என்று அவர்களைக் கேட்டால், அப்படி ஒன்று இருக்கிறது, ஆனால் எது என்று ஒருநாளும் தெரியாது என்பதே பதிலாக வரும். ஐன்ஸ்டைன் அந்தக் கேள்வியையே தள்ளினார். சீரான வேகத்தில் செல்லும் எல்லோருக்கும் இயற்கை விதிகள் ஒன்றே, வெற்றிடத்தில் ஒளியின் வேகமும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டார். இந்த இரண்டையும் ஏற்றால், தொலைவில் உள்ள இரு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் நடந்தனவா என்பது பார்ப்பவரைப் பொறுத்ததாகிவிடுகிறது. நீளச் சுருக்கமும் கால நீட்சியும் அதிலிருந்து தாமாகவே வருகின்றன.

இது வெறும் அழகியல் வேறுபாடு என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லோரன்சின் சுருக்கம் பொருளுக்குள் மின்விசைகள் மாறுவதால் நேர்வது. மற்ற விசைகளும் அதே போல நடந்துகொள்ளும் என்று அவர் தனியே ஊகிக்க வேண்டியிருந்தது. அந்த ஊகம் எங்கே இடிக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: வளிமண்டலத்தின் மேலடுக்கில் பிறக்கும் மியூவான் என்ற துகளின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. ஒளி வேகத்தில் ஓடினாலும் அதற்குள் கடப்பது 660 மீட்டர் அளவுதான். ஆனாலும் ஏராளமான மியூவான்கள் 10 கிலோமீட்டருக்கு மேலிருந்து தரைக்கு வந்து சேர்கின்றன; வேகத்தால் அவற்றின் ஆயுள் நீள்கிறது. மியூவான் சிதைவது மின்விசையால் அல்ல. 1905இல் தனி விசையென்று யாரும் அறிந்திராத வலிமை குறைந்த அணுக்கரு விசையால். ஐன்ஸ்டைனின் வாதத்துக்கு அந்த விசையின் பெயர்கூடத் தேவையில்லை, மாறுவது காலமே என்பதால். லோரன்சிடமோ அது காரணம் சொல்லப்படாத ஊகமாகவே நின்றுபோகிறது.

1906இல் காஃப்மனின் எலக்ட்ரான் அளவீடுகள் இரு தரப்புக்கும் எதிராக வந்தபோதும் இந்த வேறுபாடு தெரிந்தது. லோரன்சு மனம் தளர்ந்து புவான்காரேக்குக் கடிதம் எழுதினார். ஐன்ஸ்டைன் அசையவில்லை, பின்வந்த அளவீடுகள் இரு தரப்புக்கும் பொதுவான அந்தச் சமன்பாடுகளின் பக்கமே சாய்ந்தன.

ஆக, விட்டேக்கரின் தீர்ப்பு பாதிதான் நிற்கும். உருமாற்றங்கள் லோரன்சுடையவை, அவற்றின் கணிதக் கட்டமைப்பு புவான்காரேயுடையது. காலத்தைப் பற்றிய கொள்கை ஐன்ஸ்டைனுடையது. உண்மை நேரம் ஒன்றே என்று பற்றிக்கொண்டிருந்ததுதான் தம் தோல்விக்கு முதற்காரணம் என்று லோரன்சே தம் நூலின் பிந்தைய பதிப்பில் எழுதிவிட்டார். 1912இல் மறைந்த புவான்காரே அப்படி எதுவும் எழுதவில்லை. சார்பியலைப் பற்றிப் பேசிய இடங்களில் ஐன்ஸ்டைனின் பெயரை அவரும் சொல்லவில்லை.