கொச்சியில் ஒரு முற்பகல்

ஃபோர்ட் கொச்சிக்கு அரைநாள் போதும், வழிகாட்டி நல்லவராக அமைந்தால். எங்களுக்கு வாய்த்தவர் வரலாற்றை ஒப்பிக்கவில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார். சீன வலையருகே வெகுநேரம் நின்றோம். ஆட்கள் கயிற்றை இழுக்க, மறுமுனையில் கட்டிய பாறாங்கற்கள் கீழிறங்க, அத்தனை பெரிய வலை நீர் சொட்டச் சொட்ட மேலெழுகிறது. எடைக்கு எடை, அவ்வளவுதான் சூட்சுமம்!

புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் 1524இல் வாஸ்கோடகாமாவைப் புதைத்த இடம் இருக்கிறது. உடல் பின்னர் லிஸ்பனுக்குப் போய்விட்டது. எனக்கு அதைவிடப் பிடித்தவை மேலே தொங்கும் துணி விசிறிகள். அந்தக் காலத்தில் ஆள் வெளியே நின்று கயிறு இழுப்பாராம்.

மட்டாஞ்சேரி யூத ஆலயம் 1568ஆம் ஆண்டினது. செருப்பைக் கழற்றிவிட்டு, கையால் வரைந்த நீலச் சீன ஓடுகளில் நடக்கலாம். சனிக்கிழமை மூடியிருக்கும்; நாள் பார்த்துக் கிளம்புங்கள்.