முன்னால் போகிறவரைப் பார்க்காதீர்கள்

பங்குனி வெயில். கடத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து பெரியப்பாவுக்கு என் செல்போனில் பனிக்கட்டிப் பந்தயம் ஒன்றைக் காட்டினேன். இரண்டு பேர் குனிந்தபடி வழுக்கிக்கொண்டு போகிறார்கள். ஒருவரை ஒருவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ரெண்டே பேரா? இதுல என்னடா பந்தயம்?” என்றார்.

“எருது விடற விழா மாதிரிதான் பெரியப்பா. மாடு தனித்தனியாத்தானே ஓடுது? நேரத்தை வெச்சுத்தானே பரிசு? இதுவும் அப்படித்தான். கூட ஓடறவன் துணைக்கு, போட்டி கடிகாரத்தோட.”

கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழா ஒன்றையும் விடாதவர் அவர். அதன்பிறகு ஆட்களை விட்டுவிட்டுத் திரை ஓரத்தில் ஓடும் எண்களையே பார்த்தார். ஸ்பீட் ஸ்கேட்டிங் என்கிற இந்தப் பந்தயத்தில் பாதி அவருக்கு அந்த நிமிடமே பிடிபட்டுவிட்டது.

பனிக்கட்டிப் பாதை ஒரு சுற்று 400 மீட்டர். உள்தடம், வெளித்தடம் என்று இரண்டு. வெளியே வளைவு நீளம் என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் தடம் மாற்றிக்கொள்வார்கள். கையில் வெள்ளைப் பட்டை கட்டியவர் உள்ளே தொடங்கியவர், சிவப்புப் பட்டைக்காரர் வெளியே தொடங்கியவர். இதைத் தெரிந்துகொண்டால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி கண்ணை இடுப்பில் வையுங்கள். 1500 மீட்டர் பந்தயத்தின் தொடக்கத்தில், மணையில் உட்கார்ந்த மாதிரி இடுப்பு தாழ்ந்திருக்கும். மூன்றாவது சுற்றில் தொடை எரியத் தொடங்கும்போது உடம்பு தானாக நிமிரும். நிமிர்ந்தால் காற்று மார்பில் மோதும், காலின் உந்தலும் குறுகிவிடும். நேரம் கைநழுவுவது அங்கேதான். ஒலியையும் கூட்டி வையுங்கள். பூட்ஸுக்கு அடியில் உள்ள அலகு முன்பக்கத்தில் மட்டும் கீல் வைத்துப் பொருத்தப்பட்டது. குதிகாலைத் தூக்கினாலும் அலகு பனியை விடாது, கடைசி நொடிவரை உந்தித் தரும். பிறகு ‘டக்’கென்று பூட்ஸோடு வந்து சேரும். அந்த ‘டக், டக்’ ஒரே தாளத்தில் வரும்வரை ஆள் நன்றாக இருக்கிறார். தாளம் தப்பினால் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள இளையோர் குளிர்கால ஒலிம்பிக்கைப் போல நல்ல இடம் வேறில்லை. 15 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்காக 2012இல் இன்ஸ்ப்ருக்கில் தொடங்கியது அது. பெரியவர்கள் களைப்பை மறைக்கப் பழகியவர்கள். பிள்ளைகள் முதல் சுற்றிலேயே இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுக் கடைசிச் சுற்றில் பல்லைக் கடிப்பார்கள். 2020இல் லொசான் நகரம் இந்த விழாவை நடத்தியபோது, ஸ்பீட் ஸ்கேட்டிங் மட்டும் செயின்ட் மோரிட்ஸில் உறைந்துபோன ஏரியின் மேல் நடந்தது. கூரை கிடையாது. சுற்றிலும் மலை, காலுக்கடியில் ஏரி. பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

நம் பக்கம் பனிக்குப் பதில் சக்கரம். வரிசையாகச் சக்கரம் பதித்த இன்லைன் ஸ்கேட்டில் அதே குனிவு, அதே உந்தல். அமெரிக்காவின் வெயில் மாநிலமான புளோரிடாவில் சக்கரத்தில் ஓடிக்கொண்டிருந்த எரின் ஜாக்சன், 2017இல் பனிக்கு மாறினார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 500 மீட்டர் தங்கம் அவருக்கு.

ஆனால் சக்கரப் பந்தயத்தை ரசிக்கிற விதமே வேறு. இங்கே பெரும்பாலும் எல்லோரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். ஆடி மாதக் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு, முன்னால் இன்னொருவர் போனால் எவ்வளவு சுகம் என்று தெரியும். அதே கணக்குத்தான். முதலில் போகிறவர் எல்லோருக்குமாகக் காற்றைக் கிழிக்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது, மூன்றாவது ஆள் மூச்சைச் சேமிக்கிறார்கள். அவர்களைப் பாருங்கள். வளைவில் உள்பக்கம் ஒரு தோள் நுழையும் அளவு இடம் திறக்கிறதா, அதை யார் முதலில் மோப்பம் பிடிக்கிறார் என்று பாருங்கள்.

எலிமினேஷன் பந்தயத்தில் கண்ணை இன்னும் பின்னால் கொண்டுபோக வேண்டும். குறிப்பிட்ட சுற்றுகளில் கோட்டைக் கடைசியாகத் தாண்டுகிறவர் வெளியேற்றப்படுவார். தலையில் அமைதியாகவும் வாலில் உயிர்ப் போராட்டமாகவும் ஓடும் பந்தயம் அது. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2021இல் கொலம்பியாவின் இபாகே நகரில், ஜூனியர் உலகப் போட்டியில், 15 கிலோமீட்டர் எலிமினேஷனில் வெள்ளி வென்றார். பின்னால் சிக்காமலும் முன்னால் வீணாகாமலும் 24 நிமிடம் ஓடிக் கிடைத்த பதக்கம். 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேவில் நடந்த உலகப் போட்டியில் 1000 மீட்டரை 1 நிமிடம் 24.924 நொடியில் கடந்து தங்கம் வாங்கினார். மணிக்கு 42 கிலோமீட்டர் வேகம்! சீனியர் பிரிவில் இந்தியாவுக்கு முதல் தங்கம். அதே போட்டியில் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். குறுகிய தூரத்தையும் நெடுந்தூரத்தையும் ஒரே கால்கள் வெல்வது சாதாரணம் இல்லை. நம் ஊர்களில் இது இன்னும் பேசப்படவே இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசியப் போட்டியில் நடந்த ஆண்கள் 3000 மீட்டர் ரிலேயைச் சொல்வேன். கடைசி வளைவு முடியும்போது தென்கொரியா முன்னால். கோட்டுக்குச் சற்று முன்பே கொரிய வீரர் ஜங் சியோல்வொன் நிமிர்ந்து இரு கைகளையும் தூக்கிவிட்டார். பின்னால் வந்த தைவானின் ஹுவாங் யூலின் நிமிரவில்லை. குனிந்தபடியே இடது காலை முன்னால் நீட்டினார். இந்த விளையாட்டில் மார்பும் தலையும் கணக்கில் வராது, காலில் உள்ள சக்கரம் கோட்டைத் தொட வேண்டும். தைவானுக்கு 4 நிமிடம் 5.692 நொடி, கொரியாவுக்கு 5.702. அந்த வேகத்தில் 0.01 நொடி என்பது அரைச் சாண் தூரம், ஏறக்குறைய ஒரு ஸ்கேட் சக்கரத்தின் அளவு. தங்கம் வென்றிருந்தால் ஜங்குக்குக் கட்டாய ராணுவ சேவையில் விலக்கு கிடைத்திருக்கும்.

பெரியப்பா இதை நிறுத்தி நிறுத்தி நாலு முறை பார்த்தார். “கையைத் தூக்கினவன் காலை விட்டுட்டான்” என்றார்.

நீங்கள் பார்க்கும்போது அங்கே நிறுத்திவிடாதீர்கள். இன்னும் ஒரு நாலரை நொடி ஓடவிடுங்கள். கேமரா கொரியாவையும் தைவானையும் தேடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான், 4 நிமிடம் 10.128 நொடியில், ஆனந்த்குமார் இருந்த இந்திய அணி மூன்றாவதாகக் கோட்டைக் கடந்தது.