ஊமையன் கோட்டை பேசட்டும்

திருமயம் மலையைத் தோழர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். புதுக்கோட்டையினின்று காரைக்குடி செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால், வானை முட்டித் தள்ளுவதுபோல் நிற்கும் பெரும்பாறை. அடிவாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குடைவரைக் கோயில்கள். அவற்றுக்கு மேலே 1687-இல் சேதுபதி எழுப்பிய கோட்டை மதில். உச்சிக் கொத்தளத்தில் ஒரு பீரங்கி. நடுவண் அரசின் தொல்லியல் துறை காத்து வரும் இடம். கூரையில்லா அருங்காட்சியகம் என்று இதனைக் கூறுவதில் பிழையில்லை. அருங்காட்சியகம் என்று ஒப்புக்கொண்டால், அது எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்று கேட்பதும் நம் கடமையாகிறது.

ஆவுடையார்கோவில் வட்டாரத்தில் கண்மாய்க் கரைதான் எங்களுக்கு மலை. அதைவிட உயர்ந்த மேட்டைக் கண்டிராத மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு திருமயம் சென்றேன். உச்சிக்கு ஏறியதும் அவர்கள் பீரங்கியைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அதை மறந்துவிட்டுக் கீழே தெரிந்த கண்மாய்களை எண்ணத் தொடங்கினார்கள். எனக்கு மகிழ்ச்சி! வற்றாத ஆறில்லாத சீமையில் மழைநீரைத் தேக்கி, மடை வைத்து, கலிங்கு கட்டி, ஒரு கண்மாய் நிறைந்து வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் பாயும்படி நிலத்தையே வரைந்து வைத்த கைகள் யாருடையவை? மதில் கட்டிய மன்னன் பெயர் ஏட்டில் இருக்கிறது. மண் சுமந்தவன் பெயர் எங்கே? சத்தியமூர்த்திப் பெருமாள் குடைவரையில் பாம்பணை மீது பள்ளிகொண்ட அந்தப் பேருருவைச் செதுக்கியவன் பெயரும் இல்லை. எங்கள் ஊர்க் கோயிலின் கொடுங்கையைக் காண வருவோர், கல்லைக் கயிறாகவும் மரச்சட்டமாகவும் ஆக்கிவிட்டானே என்று வியந்து நிற்பார்கள். அந்தத் தச்சனும் பெயரற்றவனே. சிலையின் முன் கைகூப்ப வேண்டியதில்லை. உளியின் முன் தலைவணங்கலாம்.

மலைக்கும் மக்களாட்சிக்கும் தொடர்பு உண்டா என்று சிலர் நகைக்கக்கூடும். கிரேக்க நாட்டு ஏதென்சு நகரில் நிக்சு என்றொரு குன்று இருக்கிறது. கி.மு. ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளில் அந்நகரக் குடிமக்கள் அங்கேதான் கூடினார்கள். பாறையிலேயே வெட்டிய பேச்சு மேடை, எதிரே ஆயிரக்கணக்கானோர், பேச விரும்புவோர் யார் என்று கட்டியக்காரன் கேட்பான். மலைச்சரிவையே அவையாக ஆக்கிக்கொண்டான் கிரேக்கன். ஆனால் பெண்ணுக்கும் அடிமைக்கும் அயலூரானுக்கும் அந்த மேடையில் இடமில்லை. இந்தக் குறையை மேலை நாட்டு நூல்களே மறையாமல் எழுதுகின்றன.

நாமோ என்ன செய்கிறோம்? உத்திரமேரூர்க் கல்வெட்டை உலகின் தொட்டில் என்று தூக்கி வைத்து ஆடுகிறோம். முதற் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த அக்கல்வெட்டுகளில் குடவோலை முறை இருக்கிறது; கணக்குக் காட்டாதவனை விலக்கி வைக்கும் விதி இருக்கிறது; போற்ற வேண்டியவைதாம். ஆனால் வாரியத்தில் அமர யாருக்குத் தகுதி? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், மறை ஓதிய அறிவு! அது பிராமணர்க்குக் கொடையாக விட்ட ஊர், அவர்தம் சபை. அந்த ஊர் வயலில் உழுதவன் பெயரை எந்த ஓலையிலும் எழுதவில்லை, எந்தக் குடத்திலும் இடவில்லை. பள்ளியில் இப்பாடம் நடத்தும் ஆசிரியர் முதற்பாதியை மட்டும் சொல்லி நிறுத்தினால், மாணவன் தேர்வில் மதிப்பெண் பெறுவான், வரலாறு பெறமாட்டான்.

திருமயத்துக்குத் திரும்புவோம். சைவக் கோயிலுக்கும் வைணவக் கோயிலுக்கும் வருவாய்ப் பங்கில் மூண்ட நெடும்பகையை 13-ஆம் நூற்றாண்டில் போசளப் படைத்தலைவன் ஒருவன் முன்னிலையில் பேசித் தீர்த்த செய்தி அங்கே கல்லில் உள்ளது. ஒரே பாறையைக் குடைந்து வீற்றிருக்கும் இரண்டு கடவுளரும் தமக்குள் தீர்த்துக்கொள்ளவில்லை. மனிதர் கூடிப் பேச வேண்டியிருந்தது! பகுத்தறிவாளர்க்கு இதைவிடச் சுவையான காட்சிப்பொருள் வேறென்ன வேண்டும்?

மக்கள் இந்தக் கோட்டையை ஊமையன் கோட்டை என்று அழைக்கிறார்கள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கோட்டை எழுந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்தே அவர் வரலாற்றுக்கு வருகிறார். ஆயினும் மக்கள் மனம் மன்னன் பெயரை விட்டுவிட்டு வாய்பேச இயலாத வீரன் பெயரை எடுத்துக்கொண்டது. இத்தனைக்கும் 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பெனியாரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்சி. பிடித்துக் கொடுத்த சீமையிலேயே பிடிபட்டவனின் தம்பிக்குக் கோட்டை! 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சியை மீண்டும் எழுப்பிப் போரிட்டு, அவ்வாண்டு நவம்பரில் தூக்குமேடை ஏறியவர் ஊமைத்துரை. அவருடைய கையசைவு ஒன்றுக்கே ஆயிரவர் எழுந்ததை, எதிர்த்துப் போரிட்ட வெல்சு என்னும் ஆங்கிலத் தளபதியே தன் நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதியிருக்கிறான். அவரோடு இணைந்த மருது உடன்பிறப்புகள் 1801 சூன் திங்களில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டிய அறிக்கை, சுவரைப் பேச வைத்த செயல். நாவன்மை மட்டுமே பேச்சு என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும்.

இனி நாவன்மைக்கே வருவோம். என் குறைபாட்டின் மையம் இதுதான்.

1887-இல் திருமயத்திலே பிறந்தவர் காங்கிரசுத் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி. அடிவாரப் பெருமாளின் பெயரையே தாங்கியவர். சென்னைச் சட்டமன்றத்தில் ஆங்கில ஆட்சியை அதன் மொழியிலேயே திணறடித்த பேச்சாளர். காமராசருக்கு அரசியல் ஆசான். 1939-இல் சென்னை மேயர். அதற்கு ஓராண்டு முன்பு, 1886-இல், புதுக்கோட்டை நகரிலே பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர். தாய் சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். ஆண்கள் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்க்கக் கூடாது என்று எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதனைப் பொருட்படுத்தாமல் இடமளித்தார். 1912-இல் மருத்துவப் பட்டம். பின்னர்ச் சென்னைச் சட்டமன்றத்தின் முதற் பெண் உறுப்பினர். அதன் துணைத் தலைவர்.

ஒரே சீமை பெற்ற இருவர், ஒரே மன்றத்தில், 1920-களின் இறுதியில் எதிரெதிரே நின்றார்கள். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் கொடுமையை ஒழிக்க வேண்டும் என்று 1927-இல் தீர்மானம் கொண்டு வந்தார் முத்துலட்சுமி. சத்தியமூர்த்தி எதிர்த்தார். மரபு கெடும், கலை அழியும் என்பதே எதிர்ப்பாளர் பாடிய பல்லவி. வெள்ளையன் ஆளக்கூடாது என்று முழங்கிய அதே நா, பொட்டுக்கட்டு இருக்கலாம் என்று வாதாடியது!

இங்கே ஒரு சிக்கல் உண்டு. சத்தியமூர்த்தி தேர்தலில் வென்று வந்தவர். முத்துலட்சுமி அரசு நியமித்த உறுப்பினர். சொத்தும் வரியும் உடையோர்க்கே வாக்கு என்றிருந்த அந்நாளில், பொட்டுக்கட்டிய பெண்ணின் குறையை வாக்குப் பெட்டி கொண்டு வரவில்லை. வாக்குப் பெட்டி ஒன்றையே மக்களாட்சி என்று நம்பும் இளைஞர் இந்த முரணைக் கூர்ந்து நோக்க வேண்டும். தேவதாசியர் சிலரே அந்தச் சட்டத்தை எதிர்த்து விண்ணப்பம் அளித்தார்கள் என்பதையும் நாம் ஒளிக்க வேண்டியதில்லை. கோயில் மானிய நிலம் பறிபோய்விடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. 1929-இல் வந்த திருத்தம், ஆடல் பாடல் ஊழியக் கட்டிலிருந்து அந்த நிலத்தை விடுவித்தது. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் முழுவடிவில் வர 1947 ஆயிற்று.

நம் மேடைகளில் முத்துலட்சுமி அம்மையார் சத்தியமூர்த்திக்குச் சுடச்சுடக் கொடுத்ததாக ஒரு மறுமொழியைச் சொல்வதுண்டு, கைதட்டலும் கிடைக்கும். நான் அதை இங்கே எடுத்தாளவில்லை. அவர் பதிவேட்டில் உள்ளபடி பேசிய பேச்சே போதும். ஒட்டுப்போட்ட நகை அவர் கழுத்துக்கு வேண்டாம்.

சட்டமன்றத்துக்கு வெளியே என்ன நடந்தது? அங்கேதான் நம் இயக்கத்தின் பங்கு. 1925 மே மாதம் ‘குடி அரசு’ பிறந்தது. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. இசை வேளாளர் குலத்திலே பிறந்து, அந்தத் தளையை அறுத்து வெளியே வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் புதினத்தை எழுதினார். 1938-இல் திருச்சியினின்று சென்னை வரை நடந்த இந்தி எதிர்ப்புப் படையிலும் ஊர் ஊராக நடந்தார். ஆங்கிலம் முழங்கிய மன்றத்துக்குள் போக வழியில்லாதவர்கள் சந்தைத் திடலிலும் முச்சந்தியிலும் நின்று தமிழில் கேட்டார்கள். 1949 செப்டம்பர் 17-இல் இராயபுரம் இராபின்சன் பூங்காவில் கொட்டும் மழையிலும் கலையாமல் நின்ற கூட்டமும் அவ்வாறு கேட்கப் பழகிய கூட்டந்தான். கிரேக்கனுக்குக் குன்று, தமிழனுக்குத் திடல். நம் நாட்டில் மலை உச்சியைக் கடவுளும் பீரங்கியும் பிடித்துக்கொண்டதால், பேச்சு சமவெளிக்கு இறங்கி வந்தது போலும்!

இவ்வளவு செய்தியும் ஒரு மலையைச் சுற்றியே கிடக்கிறது. மலையேறிய என் மாணவர்க்கோ மதிலும் சுனையும் பீரங்கியுமே காட்சி. பீரங்கி பேசிய காலத்தைக் காட்டுவோர், அவ்வூர்ப் பிள்ளையும் அடுத்த ஊர்ப் பெண்ணும் பேசி மோதிய காலத்தை ஏன் காட்டக் கூடாது? சத்தியமூர்த்திக்குச் சென்னையில் அவர் பெயரால் பவனம் உண்டு. முத்துலட்சுமிக்கு அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை உண்டு. ஏழைத் தாய்மாரின் மகப்பேற்று உதவித் திட்டத்திற்கும் அவர் பெயரைத் தமிழ்நாட்டரசு இட்டிருக்கிறது. அவை இரண்டும் தனித்தனி நினைவுகள். இருவரும் எதிரெதிரே நின்ற நினைவு எங்கும் இல்லை.

கேட்பது பெரிய மாளிகையன்று. சென்னைச் சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சேறியவை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடினால் கிடைப்பவை. தேவதாசி ஒழிப்பு விவாதத்தைத் தமிழாக்கி, இருவர் பேச்சையும் அருகருகே, ஒரு சொல்லும் வெட்டாமல், மலையடிவாரத்தில் வைக்க வேண்டும். தேவதாசியர் அளித்த விண்ணப்பத்தையும் அவற்றின் பக்கத்தில் வைக்க வேண்டும். எட்டாம் வகுப்பு மாணவன் நின்று படிக்கும் உயரத்தில் எழுத்து இருக்க வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத் தோழர்கள் தத்தம் ஊர் மன்றங்களில் இதனைத் தீர்மானமாக நிறைவேற்றித் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் அனுப்பலாம். எங்கள் மன்றத்தின் படி தயாராக இருக்கிறது.