கயிறு பிடித்தவரின் படம்

சங்கு குளித்துவிட்டு வள்ளங்கள் திரேஸ்புரம் கரைக்குத் திரும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? சங்கை எண்ணிக் கொடுத்துப் பணம் கைக்கு வந்ததும் பங்கு பிரிப்பார்கள். டீசல் செலவு போக வள்ளத்துக்கு இவ்வளவு, இறங்கின ஆளுக்கு இவ்வளவு. சண்டை வரும், சத்தம் வரும். ஆனால் கடலுக்குள் இறங்கியவனை விட்டுவிட்டு யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

முத்துக்குளிப்பைப் பற்றி இந்தப் பக்கம் ஒரு கதை சொல்வார்கள். மூச்சடக்கி இறங்குகிறவனின் கயிற்றை மேலே இருந்து பிடிப்பது அவனுடைய மச்சான்தானாம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் இல்லையா? கயிறு பிடிப்பது அவ்வளவு பெரிய பொறுப்பு. ஆனாலும் அடியில் போய்ச் சிப்பியைக் கண்டது அவன் கண் இல்லை. பங்கு விஷயத்தில் மேலே இருந்தவர்களின் கைதான் எப்போதும் நீளம். பிரிட்டிஷ் காலத்தில் எடுத்த சிப்பியை மூன்று கூறாக்கி, இரண்டை அரசே வைத்துக்கொண்டது. 1961-இல் நடந்ததுதான் இங்கே கடைசி முத்துக்குளிப்பு.

'பார்ன் இன்டு பிராதல்ஸ்' ஆவணப்படத்தை இரண்டாம் முறை பார்த்தபோது இந்தக் கயிறுதான் ஞாபகம் வந்தது. கொல்கத்தா சோனாகாச்சியில் பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் படமெடுக்கப் போன ஸானா பிரிஸ்கி, அங்கிருந்த குழந்தைகளின் கையில் கேமராவைக் கொடுத்தார். அந்த அனுபவத்தை ராஸ் காஃப்மனோடு சேர்ந்து படமாக்கினார். 2004-இல் வந்த படம், அடுத்த ஆண்டு சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது.

படத்தின் உயிர், பிள்ளைகள் தாங்கள் எடுத்த படங்களைப் பார்த்துப் பேசும் காட்சிகளில் இருக்கிறது. எது நல்ல படம், எது சும்மா என்று பேசும்போது அவர்கள் பரிதாபத்துக்குரிய குழந்தைகளாக இல்லை, வேலை தெரிந்தவர்களாக இருக்கிறார்கள். கடற்கரைப் பயணத்தில் பேருந்து ஜன்னலிலிருந்தே சுட்டுத் தள்ளுகிற உற்சாகமும் அப்படித்தான்.

ஆனால் படம் அங்கே நிற்பதில்லை. அலுவலகம், தொலைபேசி, விடுதிப் பள்ளிக்கான மருத்துவச் சோதனை, பாஸ்போர்ட் என்று பிரிஸ்கியின் பின்னாலேயே ஓடுகிறது. 'இவர்கள் என்ன பார்க்கிறார்கள்' என்று தொடங்கிய படம் 'இவர் இவர்களைக் காப்பாற்றிவிடுவாரா' என்று மாறிவிடுகிறது. பிள்ளைகள் எடுத்த புகைப்படங்கள் இசையோடு நடுநடுவே வந்து போகின்றன. அவற்றின் வேலை, காப்பாற்றப்பட வேண்டியவர்கள் இவர்கள் என்பதற்குச் சாட்சி சொல்வது. சோனாகாச்சிப் பெண்கள் 1995-லேயே தங்களுக்கென்று துர்பார் என்ற அமைப்பைக் கட்டியவர்கள். படத்தில் அதற்கு இடமே இல்லை. தாய்மார்கள் பெரும்பாலும் கத்துகிறார்கள், அவ்வளவுதான்.

கயிறு இழுத்தது பொய் இல்லை. புகைப்படங்களை விற்ற பணம் படிப்புக்குப் போனது. அவர்களில் ஒருவரான அவிஜித் பின்னாளில் நியூயார்க்கில் சினிமா படித்தார். அதை ஒதுக்கிவிட்டு விமர்சனம் எழுதினால் அது அயோக்கியத்தனம். என் கேள்வி வேறு. எந்தப் படம் நல்ல படம் என்று முடிவு செய்யத் தெரிந்த அந்தப் பிள்ளைகளிடம், இந்த ஆவணப்படத்தில் எது இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டார்களா? கேட்டதற்கான தடயம் திரையில் இல்லை.

கடலுக்கு அந்தப்பக்கம், மட்டக்களப்பில், வேறொரு வழி இருந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1996-இல் கனடாக் கலைஞர் பால் ஹோகனும் பால் சற்குணநாயகம் அடிகளாரும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். வந்தவர்கள் காப்பகப் பிள்ளைகள் இல்லை, போர் தொட்ட தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகள். மாதக்கணக்கில், வாரம் ஒருநாள் பேருந்தில் வந்து சேர்ந்து களிமண் பிசைந்தார்கள், பொம்மை செய்தார்கள், கதை கட்டி நாடகம் போட்டார்கள். கூட இருந்து நடத்தியவர்களும் அந்த ஊர் இளைஞர்களே. உலகம் சுற்றி விருது வாங்கும் பொருள் எதுவும் இதிலிருந்து வராது. விமர்சகனுக்கு இது நஷ்டம்தான். ஆனால் பிள்ளைகள் செய்தது இன்னொருவரின் கதைக்குள் போய்ச் சாட்சியாக நிற்கவில்லை.

'காப்பகப் பிள்ளைகள் என்றால் பெயர்கூடப் போட முடியாதே' என்பீர்கள். சரிதான். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74, அவர்களை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்கிறது. தேவையான சட்டம். நான் கோட் எழுதிப் பிழைக்கிறவன். என் தொழிலில் எந்த வரியை யார் எழுதினார் என்பது கிட்டில் கடைசிவரை நிற்கும். இவர்களுக்கு அந்த வசதி கிடையாது. அப்படியானால் பங்கை வேறு இடத்தில்தான் கொடுக்க வேண்டும். பெயர் தர முடியாதபோது முடிவெடுக்கும் உரிமையைத் தரலாம். எதை வரைவது, எதை அழிப்பது, எதை யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவர்கள் சொல்வதாக இருக்கட்டும். இதற்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

பிரிஸ்கியைப் பற்றி இவ்வளவு எழுத எனக்கு என்ன யோக்கியதை? சில வருடங்களுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் நண்பர்களோடு ஒரு காப்பகத்தில் சுவரோவியம் வரையப் போயிருந்தேன். கோடு எங்களுடையது, வண்ணம் பிள்ளைகளுடையது. கடலோர ஊரிலிருந்து வந்த ஒரு பையன் கடலுக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்தான். "தம்பி, கடல் நீலம்ல?" என்று பிரஷை வாங்கி நானே அதன் மேல் நீலம் அடித்தேன். சாயங்காலம் அந்தச் சுவருக்கு முன்னால் நாங்கள் எடுத்த போட்டோவில் எங்கள் முகங்கள் இருந்தன, பிள்ளைகளின் முகத்தில் மஞ்சள் ஸ்மைலி இருந்தது. நிறைய லைக் வந்தது.

திரேஸ்புரத்தில் விடியுமுன் வள்ளம் தள்ளும் நேரத்தில் நின்று பார்த்தால் கடல் கறுப்பாகத்தான் இருக்கிறது. அவன் அதைத்தான் வரைந்தானா, வேறு எதையாவதா, எனக்குத் தெரியாது. ஏன் கறுப்பு என்று நான் அவனிடம் கேட்கவே இல்லை.