‘பை’யா, ‘டு’வா?

டிபெண்ட் என்றால் ஆன், கன்சிஸ்ட் என்றால் ஆஃப், கம்ப்ளை என்றால் வித். தொழில்நுட்ப ஆங்கில வகுப்புகளில் வினையையும் அதை ஒட்டிவரும் பிரிபொசிஷனையும் ஜோடி ஜோடியாக உருப்போட வைப்பது பழைய வழக்கம். கிளிப்பிள்ளைப் பாடம் என்று இதை நான் ஒதுக்க மாட்டேன். இந்த ஜோடிகளில் பலவற்றுக்குக் காரணம் தேடி நேரம் வீணாக்குவதைவிடப் பழகிக்கொள்வது மேல். ஏ. எஸ். ஹார்ன்பியும் நண்பர்களும் 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதி, வினைகளை அவை வரும் வாக்கிய அமைப்போடு சேர்த்தே காட்டியது. ஆக்ஸ்ஃபோர்டின் புகழ்பெற்ற மாணவர் அகராதி அதிலிருந்து வளர்ந்ததுதான்.

ஆனால், இரண்டு விடையும் இலக்கணப்படி சரியாக இருக்கும் இடத்தில் பட்டியல் கைவிட்டுவிடும். குழாயில் 6 பார் அழுத்தம் இருக்கிறது. ‘ரெட்யூஸ் டு 2 பார்’ என்றால் மிஞ்சுவது 2. ‘ரெட்யூஸ் பை 2 பார்’ என்றால் மிஞ்சுவது 4. கணினியின் எழுத்துப்பிழை திருத்தி எதன் கீழும் சிவப்புக் கோடு போடாது. ‘2 பாராகக் குறை’, ‘2 பார் குறை’ என்று தமிழில் தடுமாறாமல் சொல்லும் மாணவர்தான் ஆங்கிலத்தில் ஜோடியைத் தேடித் திணறுகிறார்.

‘சப்ஸ்டிட்யூட்’ இன்னும் வில்லங்கமானது. ‘காப்பர் ஃபார் அலுமினியம்’ என்றால் செம்பு உள்ளே வருகிறது. ‘காப்பர் வித் அலுமினியம்’ என்றால் செம்பு வெளியே போகிறது. இணையத்தில் எது அதிகம் புழங்குகிறது என்று தேடிப் பார்த்து எழுதுவோர் உண்டு. எந்த உலோகத்தைக் கழற்றுவது என்பதை அந்த எண்ணிக்கை எப்படிச் சொல்லும்?

விடைத்தாளிலோ ‘டிஸ்கஸ் அபவுட்’ எழுதினாலும் ஒரு மதிப்பெண் போகும், ‘பை’க்கு ‘டு’ எழுதினாலும் அதே ஒரு மதிப்பெண்தான். முதல் பிழையால் யாருக்கும் எதுவும் ஆகாது. என் முக்கியக் குறை இந்தச் சமன்பாட்டின் மீதுதான்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய தொழில்நுட்ப ஆங்கிலம் வேறு வழியில் போகிறது. அங்கே ‘அபவுட்’டுக்கு ‘தொடர்பாக’ என்ற ஒரு பொருள் மட்டுமே. ‘ஏறக்குறைய’ என்று சொல்ல வேறு சொல் வேண்டும். அந்தக் கறார் எல்லா எழுத்துக்கும் ஒத்துவராது. என்றாலும் வகுப்பறையில் ஒன்று செய்யலாம்: கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்வதற்குப் பதில், ‘இப்போது 6 பார், முடிவில் 4 பார் இருக்க வேண்டும், ஆபரேட்டருக்குக் கட்டளை எழுதுக’ என்று கேட்கலாம். ‘ஃப்ரம் 6 பார் டு 4 பார்’ என்று தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து எழுதும் மாணவருக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.