சுண்டிக்குளத்துக்குத் தையில் போங்கோ!

யாழ்ப்பாணத்தில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் எல்லோரையும் கையோடு சுண்டிக்குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகளுக்கு இயற்கையைக் காட்ட வில்பத்துவுக்கும் யாலவுக்கும் பஸ் பிடிக்கிறோம். அப்படிப் போகிற வழியில், ஆனையிறவில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிகிற அந்தக் களப்பின் மறுகோடியில்தான் 19,565 ஹெக்டேயர் பரப்பில் ஒரு தேசியப் பூங்கா விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ 196 சதுர கிலோமீற்றர்! களப்பு, சதுப்பு, பனங்கூடல், பற்றைக்காடு, மணல்மேடு, அதற்கப்பால் பெருங்கடல். இத்தனையும் ஒரே காலைக்குள் காணக்கூடிய வேறு இடம் வடக்கில் எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதியில் வந்தால், ஆனையிறவுக்குக் கொஞ்சம் முன்னால், இயக்கச்சியில் இடப்பக்கம் திரும்பவேண்டும். விடியமுன் திரும்பினால் இன்னும் நல்லது. கட்டைக்காட்டுப் பக்கம் போகப்போக வீடுகள் குறைந்து, வடலிகள் கூடி, காற்றில் உப்பு மணக்கத் தொடங்கும். அந்த மணம் வந்ததும் எனக்கு மனம் துள்ளத் தொடங்கிவிடும்.

முதலில் பூநாரைகளைச் சொல்லாமல் என்னால் வேறு எதையும் சொல்ல முடியாது. தூரத்தில் தண்ணீருக்கும் வானத்துக்கும் இடையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரியும். தொலைநோக்கியைக் கண்ணில் வைத்த கணத்தில் அந்தக் கோடு நூற்றுக்கணக்கான கால்களாகவும் கழுத்துகளாகவும் பிரியும். ஊர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பதுபோல ஓயாத இரைச்சல். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளில் பாசியும் சின்ன இறாலினங்களும் தங்கிவிடும். அந்த இரையில் உள்ள நிறமிதான் இறகுக்கு ஏறுகிறது. அதனால்தான் கூட்டத்துக்குள் இளம் பறவைகள் இன்னும் சாம்பலாகவே நிற்கின்றன.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, இனிக் கிட்டப் போகாதேங்கோ. ஒண்டு எழும்பினா எல்லாம் எழும்பீடும்." நான் அப்படியே ஈரமண்ணில் குந்திவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவை தாமாகவே எழும்பின. மூடிய செட்டையில் கண்ட மங்கல் நிறம் எங்கே, விரித்த செட்டையின் கடுஞ்சிவப்பும் கருங்கரையும் எங்கே! "ஐயா, பாருங்கோ, பாருங்கோ" என்று அவருக்கே காட்டினேன். ஒவ்வொரு மாரியிலும் பார்க்கிறவர் அவர். என்றாலும் வலையைக் கீழே போட்டுவிட்டு அவரும் பார்த்தார்.

இத்தனை பறவைகள் இங்கே கூடுவது எப்படி என்று தெரிந்தால் வியப்பு இன்னும் கூடும். மாரி மழையில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிய, கனகராயன் ஆறு அந்த நன்னீரை இந்தக் களப்பில் கொண்டுவந்து சேர்க்கிறது. கிழக்கே மணல்திட்டு உடைபட்டுக் கடலும் உள்ளே வருகிறது. இரண்டும் கலந்த சேற்றில் புழுவும் பாசியும் இறாலும் பெருகுகின்றன. தை, மாசியில் நீர் வற்றத் தொடங்க, நெடுங்காலிகளுக்கும் குறுங்காலிகளுக்கும் அவரவர் ஆழத்தில் பந்தி. வடக்கே வெகு தொலைவிலிருந்து ஊசிவால் வாத்துகள் வருகின்றன. கரண்டிவாயன், சங்குவளை நாரை, ஆலா, உள்ளான் என்று எண்ணிக்கொண்டே போகலாம்.

பறவைகளோடு நிறுத்திவிடாதீர்கள். கரையோரக் கண்ணா மரத்தின் இலையொன்றைப் பிடித்து வெயிலுக்குத் திருப்பிப் பாருங்கள். பளபளக்கும் துகள்கள் தெரியும். நாக்கில் வைத்தேன், சுத்தமான உப்பு! உவர்நீரை உறிஞ்சிக் குடித்து, வேண்டாத உப்பை இலைவழி வெளியேற்றி வாழ்கிற மரம் அது. அடியில் சேற்றைப் பிளந்துகொண்டு விரல் விரலாக மூச்சுவேர்கள். கடற்பக்கம் போனால் அடம்பன்கொடி படர்ந்த மணலில் இராவணன் மீசையின் முள்ளுருண்டைகள் காற்றோடு ஓடும். மணற்காட்டுச் சவுக்கங்காட்டிலும் நான் ஆசையோடு நடந்திருக்கிறேன். ஆனால் சுண்டிக்குளத்துக் கடற்கரையின் தனிமை வேறு.

1938 பெப்ரவரி 25ஆம் திகதியே சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமானது. தேசியப் பூங்காவானது 2015 ஜூன் 22ஆம் திகதி. இடையில் போர் இந்த மண்ணை என்ன செய்தது என்பதை நாங்கள் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இன்றைக்குப் பிள்ளைகளோடு இந்தக் கரையில் நிற்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோசம்.

போகிறவர்கள் தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோங்கள், உள்ளே கடை இல்லை. தொப்பி கட்டாயம். பொலித்தீன் ஒன்றையும் விட்டுவிட்டு வரவேண்டாம். மழை பெய்த மறுநாள் களிமண்ணில் வாகனம் புதையும், ஒருநாள் பொறுத்துப் போங்கள். மாசி கழிந்தால் நீர் வற்றிவிடும், வந்த பறவைகளும் திரும்பத் தொடங்கிவிடும். ஆகவே பொங்கல் முடிந்த கையோடு, வருகிற சனிக்கிழமையே, விடியமுன் புறப்படுங்கோ.