வளைவில் முடிவாகும் ஆட்டம்

கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுச் சிறிய இரும்புக் குண்டு. எடை மட்டும் அதைப்போல் ஐந்து மடங்கு. 28 அவுன்ஸ், ஏறக்குறைய 800 கிராம். அயர்லாந்தின் தெற்கே கார்க்கிலும் வடக்கே ஆர்மாவிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமத்துச் சாலைகளில் இந்தக் குண்டு பறப்பதையும் உருள்வதையும் பார்க்கலாம். ரோடு பௌலிங் என்பது பொதுப்பெயர். ஆர்மாக்காரர்கள் 'புல்லட்ஸ்' என்பார்கள்.

விதியை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் தூரம் குறித்துக்கொள்கிறார்கள். குண்டு நின்ற இடத்துக்கு நேரே சாலையில் கோடு கிழித்து, அங்கிருந்து அடுத்த வீச்சு. பின்தங்கியவர்தான் முதலில் வீச வேண்டும். குறைந்த வீச்சுகளில் எல்லையைக் கடந்தவருக்கு வெற்றி; இருவரும் ஒரே எண்ணிக்கையில் கடந்தால், கடைசிக் குண்டு யாருடையது அதிக தூரம் போனது என்று பார்ப்பார்கள். ஒருவர் முழு வீச்சளவு முன்னே போய்விட்டால் அதற்கு 'பௌல் ஆஃப் ஆட்ஸ்' என்று பெயர். ஆட்டத்தை அவர்கள் 'ஸ்கோர்' என்றே சொல்கிறார்கள்.

கேட்கும்போது வலுத்த தோள் இருந்தால் போதும் என்று தோன்றும். முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த ஆட்டம் சாலையைப் படிப்பவனுடையது. தார்ச்சாலை எதுவும் சமதளம் இல்லை. மழைநீர் வடிவதற்காக நடுவில் மேடாகவும் இருபுறமும் சரிவாகவும் போட்டிருப்பார்கள். கனத்த குண்டு அந்தச் சரிவுக்கு உடனே பணியும். நடுமேட்டைவிட்டு ஒரு சாண் விலகி விழுந்தால், நூறு மீட்டர் தள்ளி ஓரத்துப் புல்லில் போய் முடங்கிவிடும். நல்ல சாலையில் நல்ல வீச்சு 200 மீட்டரைத் தாண்டும். அதே கை, அதே வேகம், கோடு மட்டும் கொஞ்சம் பிசகினால் பாதித் தூரம் காணாமல் போகும்.

அதனால்தான் வீசுபவருக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். அவர்தான் வழிகாட்டி, 'ரோடு ஷவர்'. சாலையில் கால்களை அகட்டி நின்று, குண்டு போக வேண்டிய கோட்டை உடம்பாலேயே காட்டுவார். குண்டு முதலில் விழ வேண்டிய இடத்தில் ஒரு பிடி புல்லைக் கிள்ளி வைப்பதும் உண்டு; அதை 'சாப்' என்கிறார்கள். வீசுபவர் ஓடி வந்து, வீச்சு தொடங்கும் கோட்டைத் தாண்டுமுன் குண்டை விடுவிக்கிறார். அது புல்லைத் தொட்டு, தாரில் ஒரு துள்ளுத் துள்ளி, வழிகாட்டியின் கால்களுக்கிடையே பாயும். அதுவரை சாலையை அடைத்து நின்ற கூட்டம் கடைசி நொடியில்தான் இரண்டாகப் பிளந்து வழிவிடும். 800 கிராம் இரும்பு எதிரே வருகிறது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

ஆட்டத்தின் உயிர் வளைவில் இருக்கிறது. நேர்ச்சாலையில் இரு வல்லவர்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் வருவதில்லை. வளைவு வந்ததும் இரண்டு வழிகள். ஒன்று, குண்டுக்குச் சுழற்சி கொடுத்துச் சாலையோடு சேர்ந்து திருப்புவது. மற்றொன்று, வேலிக்கும் வயலுக்கும் மேலாக வானத்தில் தூக்கிக் குறுக்கே வெட்டுவது. இதற்கு 'லாஃப்ட்' என்று பெயர். வெட்டிய குண்டு மறுபக்கச் சாலையை எட்டினால் ஒரே வீச்சில் ஆட்டம் புரண்டுவிடும். எட்டாவிட்டால் அந்த வீச்சு வீண், பழைய இடத்திலிருந்தே மறுபடி வீச வேண்டும். பின்தங்கியவர் முதலில் வீசுவதால், அவர் துணிந்தாரா பதுங்கினாரா என்று பார்த்துவிட்டு முன்னிலையில் இருப்பவர் முடிவெடுக்கலாம். இந்தச் சின்ன வசதி பல ஆட்டங்களைத் தீர்மானிக்கிறது.

கையைச் சுழற்றுவதில் ஊருக்கு ஊர் பாணி வேறு. கார்க்கில் காற்றாலை இறக்கைபோல் முழு வட்டம் சுற்றித் தோளுக்குக் கீழிருந்து விடுவார்கள். ஆர்மாவில் கையைப் பின்னே கொண்டுபோய் அப்படியே நேராக முன்னே விசிறுவார்கள். கார்க் பாணியில் வேகமும் உயரமும் கிடைக்கும். ஆர்மா பாணியில் கோடு பிசகாது என்பது என் கணிப்பு.

மிக் பாரியின் பெயரைச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பேச முடியாது. 1919இல் பிறந்தவர், கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் தோட்டக்காரராக வேலை பார்த்தவர். 1955 மார்ச் 17, புனித பேட்ரிக் நாளன்று, கார்க் நகருக்கு வெளியே சாலைக்கு மேலே சுமார் 90 அடி உயரத்தில் நிற்கும் செட்விண்ட் ரயில் பாலத்துக்கு மேலாக 16 அவுன்ஸ் குண்டை வீசிக் கடத்தினார். அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் அந்தப் பாலத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் அன்று அவர் வீசியது எடை குறைந்த குண்டு. 1965க்கும் 1975க்கும் இடையில் எட்டு முறை அகில அயர்லாந்துப் பட்டம் வென்றாரே, அங்கே இருக்கிறது அவருடைய பெருமை. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியபின் தோள்பலத்தை மட்டும் நம்பி யாரும் எட்டுப் பட்டம் வாங்க முடியாது. சாலையின் ஒவ்வொரு மேடும் அவருக்கு மனப்பாடம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. 2014இல் காலமானார்.

இங்கிலாந்தின் வில்லியம் மன்னரோடு வந்த டச்சுச் சிப்பாய்கள் கொண்டுவந்த ஆட்டம் என்று ஒரு கதை. நெசவாளர்கள் கொண்டுவந்தார்கள் என்று இன்னொன்று. 1847இல், பஞ்சம் நாட்டைத் தின்றுகொண்டிருந்தபோது, காசில்மேரியில் நடந்த ஓர் ஆட்டத்தை டேனியல் மெக்டொனால்ட் தீட்டிய ஓவியம் கார்க்கின் கிராஃபோர்ட் கலைக்கூடத்தில் இருக்கிறது. பந்தயப் பணமும் இந்த ஆட்டத்தை விட்டுப் பிரிந்ததில்லை. வீச்சுக்கு வீச்சு கூட்டத்துக்குள் பணம் கைமாறும். 1954இல் போல் குமன் நா ஹெய்ரன் சங்கம் அமைந்து ஆட்டத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. 1969 முதல் ஜெர்மனி, நெதர்லாந்து நாடுகளோடு சர்வதேசப் போட்டிகளும் நடக்கின்றன. பெண்கள் பிரிவில் ஆர்மாவின் கெல்லி மேலன் பலமுறை பட்டம் வென்றிருக்கிறார்.

கவலை ஒன்றுதான். கார்கள் பெருகிவிட்டன. ஒரு ஸ்கோருக்காகச் சாலையில் கூட்டம் நிற்கும்போது பொறுத்திருக்கும் ஓட்டுநர்கள் இன்னும் இருக்கிறார்கள். எத்தனை காலம் இருப்பார்கள்? மைதானம் கட்டி இந்த ஆட்டத்தைக் காப்பாற்ற முடியாது, ஏனென்றால் சாலைதான் இங்கே எதிராளி. ஆட்டத்துக்கென்று பேர்போன சாலைகளில் போட்டி நேரங்களில் மட்டும் முறையாகப் போக்குவரத்தைத் திருப்பிவிட உள்ளாட்சிகள் முன்வர வேண்டும்.

கார்க்கின் கிழக்கே பாலின்கரிக் கிராமத்தில் ஆண்டுதோறும் 'கிங் ஆஃப் த ரோட்ஸ்' போட்டி நடக்கிறது. அதன் காணொளி கண்ணில் பட்டால், வீசுபவரின் கையை விட்டுவிட்டு முன்னால் நிற்கும் வழிகாட்டியின் கால்களைப் பாருங்கள். குண்டு எங்கே போகப்போகிறது என்பது அங்கே தெரியும்.